மேட்டில் நின்ற வண்டி

அன்று சாயங்காலமும் அவர் முதலில் மிதியடியைத் தட்டினார். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் திறந்து, குனிந்து, பெடல்களுக்குக் கீழே கிடந்த ரப்பர் மிதியடியை உருவி, சுவரில் ஓங்கி அடித்தார். பிறகு தலையை உள்ளே விட்டு எதையோ சரிசெய்து, விரித்து, நீவிவிட்டு நிமிர்ந்தார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“வாசல்ல கிடக்கிற மிதியடி என்ன பாவம் பண்ணுச்சு? அதையும் ஒரு நாள் இப்படித் தட்டலாமே.”

“கால் வழுக்கும்மா. பழகறவங்களுக்கு இது சுத்தமா இருக்கணும்.”

“நீங்க ஓட்டறப்ப வழுக்கலையா?”

“என் கால் மனுஷக் கால். உன்னோடது மிஷின் கால்.”

அவள் பள்ளிச் சீருடை தைக்கிற பட்டறையில் வேலை பார்த்தாள். அங்கே மோட்டார் தையல் மிஷின்கள். பெடலைத் தொட்டுப் பார்க்கிற வேலையெல்லாம் கிடையாது. மிதித்தால் முழு மிதி, விட்டால் முழு விடுதல். அப்படி மிதித்தே கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் வயிற்றைக் கழுவிய கால் அது. கார் பழகிய முதல் நாளே அந்தக் கால் தன் குணத்தைக் காட்டிவிட்டது. வண்டி துள்ளிப் பாய்ந்து பக்கத்து வீட்டு கேட்டை உள்ளே தள்ளிக்கொண்டு போய் நின்றது. அவருக்கு முகம் வெளுத்துப்போனது. அவள் இறங்கி, சேலையைத் தட்டிக்கொண்டு, “கேட்டு ஏற்கெனவே துரு” என்றாள்.

அதற்கப்புறம்தான் வண்டிக்கு அந்த நோய் வந்தது. அவள் உட்கார்ந்தால் இழுக்காது. அவர் உட்கார்ந்தால் இழுக்கும். கிடங்குகளுக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தில் சுற்றிச் சுற்றி வருவார்கள். மூன்றாவது கியருக்குப் போனால் இருமும். கால் அடியில் போய் முட்டி நிற்கும், வேகம் ஏறாது.

“ஏங்க, இழுக்கவே மாட்டேங்குது.”

“பழைய வண்டி. அப்படித்தான்.”

“உங்களுக்கு மட்டும் எப்படி இழுக்குது?”

“ஓட்டற பக்குவத்துல இருக்கு. நீ மிதிக்கிறது சரியில்ல.”

“முழுசாத்தான் மிதிக்கிறேன்.”

“அதான் சரியில்லங்கறேன்.”

அன்றைக்கும் அதே சண்டைதான். உங்கள் தம்பி மெக்கானிக் என்று பெயர், அண்ணன் வண்டியைப் பார்க்கத் துப்பில்லையா என்று அவள் கேட்டாள். காட்டினேன், நன்றாக இருக்கிறது என்றான் என்றார் அவர். அப்படியானால் மேட்டு ரோட்டுக்குப் போவோம், ஏறுகிறதா பார்ப்போம் என்றாள். அவர் பதறி, “மேடெல்லாம் அப்புறம்” என்றார்.

வீடு திரும்பியதும் அவள் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினாள். அவர் சுற்றி வந்து அந்தக் கதவைத் திறந்தார். ஒரு கையை வண்டியின் கூரைமேல் ஊன்றிக்கொண்டு கீழே பெடல்களைப் பார்த்தபடி நின்றார். குனியவில்லை.

“காலையில எடுத்துக்கறேன்,” என்றார்.

“எதை?”

“மிதியடிய. மண்ணா இருக்கு.”

“இப்பத்தானே தட்டினீங்க?”

அவர் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். ஒரு ஷூவுக்கும் அடுத்த ஷூவுக்கும் நடுவில் கொஞ்சம் மூச்சு வாங்கினார். அவள் உள்ளே போய் டீ போட்டாள். கோபத்தில் அவர் டம்ளருக்கு மட்டும் சர்க்கரை போடவில்லை. அவர் அதை அப்படியே குடித்தார்.

மறுநாள் காலையில் பாதி சவரத்தில் அவருக்கு நெஞ்சு வலித்தது. ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கட்டிலில் விழுந்தார். ஆம்புலன்ஸுக்கு மகள் போன் செய்தாள். வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். மறுபடியும் செய்தாள். அதையே சொன்னார்கள். அவள் மகளைத் தாண்டிப் போய்ச் சாவியை எடுத்தாள்.

“அம்மா, உனக்கு லைசென்ஸ்கூட இல்ல.”

“அப்பாவுக்கு அந்தப் பக்கம் தோளைக் கொடு. பேசாத.”

ஆஸ்பத்திரி மேட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம். சமதளத்தில் வண்டி எப்படியோ போனது. மேடு தொடங்கியதும் அவள் இரண்டாவது கியருக்கு வந்தாள். பிறகு முதல் கியர். எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தபடிதான். வண்டி நோயாளியைப்போல முனகிக்கொண்டு ஊர்ந்தது. பின்னால் ஹாரன். வளைவில் ஒரு பஸ் உரசிக்கொண்டு முந்தியது. அவள் மிதித்தாள். பாதம் நோக மிதித்தாள். கால் அடியில் முட்டி நின்றது. அதற்கு மேல் போக இடமில்லை.

அப்போது அவர் பக்கத்து இருக்கையிலிருந்து சாய்ந்தார். கையை நீட்டி அவள் முழங்காலுக்குக் கீழே, பெடல் பக்கம் குனிந்தார். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. மயங்கி விழுகிறார் என்று நினைத்து அவள் இடது கையை அவர் மார்பில் வைத்து, இருக்கையோடு சேர்த்துத் தள்ளினாள்.

“சும்மா சாஞ்சு இருங்க! பிடிடீ அப்பாவ!”

அவர் மறுபடியும் குனிய வந்தார். மறுபடியும் தள்ளினாள்.

நட்ட நடு மேட்டில் வண்டி குலுங்கி அணைந்தது. கடைசியில் காய்கறி ஏற்றி வந்த வேன்காரர் ஒருவர்தான் நிறுத்தி, அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர். டாக்டர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டார்.

அதற்குப் பின் வீட்டில் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். நாற்காலிகள் வந்தன, போயின. நாத்தனார் மட்டும் கூடவே இருந்தாள். அவருக்கு மூத்தவள். சமையலறையையும் எடுத்துக்கொண்டாள், பேச்சையும் எடுத்துக்கொண்டாள். அவள் அழுகையில் குறை சொல்ல முடியாது. நெஞ்சிலிருந்துதான் அழுதாள். ஆனால் அழுகைக்கு நடுவே யாராவது துக்கம் கேட்க வந்தால், குரலைத் தாழ்த்துவதுபோல் தாழ்த்தி, அடுத்த அறைக்குக் கேட்கிற மாதிரி சொல்வாள்.

“வண்டியில ஒரு கோளாறும் இல்லையாம். சின்னவன் பிரிச்சுப் பார்த்துட்டான். ஓட்டத் தெரியாதவ கையில ஸ்டீயரிங்கக் கொடுத்தா என்ன ஆகும்? மேட்டுல கியர் மாத்தத் தெரியாம நடுரோட்டுல போட்டுட்டு நின்னிருக்கா.”

அடுத்த அறையில் அவள் அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். அடுக்கின்மேல் வைத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு, நாத்தனாரைத் தாண்டி, வந்தவர்களைத் தாண்டி, தூறலில் இறங்கி நடந்தாள்.

கொழுந்தனுடைய ஷெட் மீன் சந்தைக்குப் பின்னால் இருந்தது. தகரக் கூரை. மழை விழுந்தால் கத்தித்தான் பேச வேண்டும். அவன் இளவயதில் ஜாக்கி நழுவி வண்டி காலில் இறங்கிய ஆள். இடது முழங்கால் மடங்காது. கிளட்ச்சை மிதிக்க முடியாது. ஊரில் பாதி வண்டியைப் பிரித்துப் பூட்டியவன், ஒரு வண்டியையும் ஓட்டியதில்லை. ஓட்டிப் பார்க்கிற வேலை அண்ணனுடையது. மின் அலுவலகத்திலிருந்து சாயங்காலம் நேரே இங்கேதான் வருவார். அவர் இருக்கையில், இவன் பானெட்டுக்குக் கீழே. “கொடு” என்றால் மிதிப்பார். “விடு” என்றால் விடுவார். மணிக்கணக்காக இந்த இரண்டு சொல்லிலேயே அண்ணனும் தம்பியும் பேசி முடிப்பார்கள்.

வண்டி ஷெட்டின் மூலையில் தார்ப்பாய்க்குள் நின்றது. கட்டி இழுத்துவந்த கயிறுகூட முன்பக்கம் அப்படியே தொங்கியது.

“எடு தார்ப்பாய,” என்றாள்.

“அண்ணி, மழையில எதுக்கு வந்தீங்க? சொல்லியிருந்தா நானே...”

“வண்டியில கோளாறு இல்லன்னு சொன்னியா?”

அவன் கையைத் துணியில் துடைத்தான். “அக்கா கேட்டாங்க. பார்த்ததச் சொன்னேன்.”

“அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா உனக்கு? நான் கொன்னுட்டேன்னு அர்த்தம்.”

“நான் அப்படிச் சொல்லல, அண்ணி.”

“நீ சொல்லல. நீ சொன்னத வெச்சு உங்கக்கா சொல்றா. வர்றவங்களுக்கெல்லாம் டீயோட சேர்த்து ஊத்திக் கொடுக்கறா. இப்ப என் கண்ணு முன்னாடி பாரு. ஒவ்வொண்ணா பாரு. வண்டி நல்லா இருந்தா நானே ஒத்துக்கறேன், எனக்கு ஓட்டத் தெரியலன்னு. அவரக் கொன்னது நான்தான்னு நானே போய்ச் சொல்றேன். இல்லன்னா...”

“இல்லன்னா?”

“இல்லன்னா நீ கெட்ட வண்டிய நல்ல வண்டின்னு சொல்லி உங்கண்ணன்கிட்ட கொடுத்திருக்க.”

அவனுக்கும் கோபம் வந்தது. தார்ப்பாயைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவி எறிந்தான். தேங்கியிருந்த தண்ணீர் இருவர் மேலும் கொட்டியது. துடைத்துக்கொள்ள யாரும் மெனக்கெடவில்லை.

முதலில் பிளக்குகளைக் கழற்றினான். வரிசையாகப் பழைய செய்தித்தாளில் வைத்தான்.

“பாருங்க. கறுப்பா இருந்தா பெட்ரோல் அதிகம். வெள்ளையா இருந்தா காத்து அதிகம். இது பிஸ்கட் கலர். இதைவிட நல்லா ஒரு இன்ஜின் எரியாது.”

“அடுத்தது.”

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, பாயிண்ட்டின் இடைவெளியில் மெல்லிய தகட்டை விட்டு உருவிக் காட்டினான். சரியாக இருந்தது. பெட்ரோல் குழாயைக் கழற்றிப் பாட்டிலுக்குள் விட்டான். அவள் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினாள். பெட்ரோல் பீச்சி அடித்தது. காற்று ஃபில்டரை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான், புதுசு. சக்கரங்களைத் தூக்கிக் கையால் சுற்றினான். பிரேக் எங்கும் பிடிக்கவில்லை. பிளக்குகளை மாட்டி வண்டியைக் கிளப்பிவிட்டு, சைலன்சர் வாயில் அவள் உள்ளங்கையை வைக்கச் சொன்னான்.

“தள்ளுதா?”

“தள்ளுது.”

“அடைப்பு இருந்தா தள்ளாது. கம்ப்ரஷனும் பார்க்கணுமா?”

“பாரு.”

அழுத்தம் காட்டுகிற மீட்டரை வைத்து அதையும் பார்த்தான். நாலு சிலிண்டரிலும் முள் ஒரே இடத்தில் போய் நின்றது. ஒவ்வொன்றும் நன்றாக இருக்க இருக்க அவனுக்குக் குரல் ஏறியது. அவளுக்கு முகம் இறுகியது. மழை வலுத்தது.

“இன்னும் என்ன பார்க்கணும் அண்ணி? இன்ஜினைப் பிரிச்சுத் தரையில பரப்பட்டுமா? எங்கண்ணன் வண்டிய நான் ஏனோதானோன்னு பார்த்திருப்பேனா? எனக்குக் கால் போனப்ப என்னைத் தோள்ல தூக்கித் திரிஞ்ச ஆளு. அவருக்கு நான் கெட்ட வண்டியக் கொடுப்பேனா?”

“அப்ப நான்தான் காரணம்.”

“மேட்டுல எந்த கியர்?”

“முதல் கியர்.”

“உறுதியா?”

“உன் கியரத் தூக்கி உடைப்புல போடு! முதல் கியர்னா முதல் கியர்.”

“இன்ஜின் கத்துச்சா? கத்திக்கிட்டு வண்டி மட்டும் நகராம இருந்துச்சா? அப்படின்னா கிளட்ச் வழுக்குது.”

“கத்தல. முனகுச்சு.”

அவன் நிமிர்ந்தான். “முனகுச்சா?”

“எத்தனை தடவை சொல்றது? காலை அழுத்தறேன், அது பாட்டுக்கு முனகிட்டே இருக்கு. உங்கண்ணன் பழக்கினப்பவும் இதேதான். என்னைக் கேட்டா பழசு அப்படித்தான்னுவாரு.”

அவன் கழற்றியதையெல்லாம் பூட்டி, ஜன்னல் வழியாக வண்டியைக் கிளப்பிவிட்டு, முன்னால் வந்து குனிந்து, கார்புரேட்டரின் நெம்புகோலை விரலால் இழுத்தான். இன்ஜின் சீறியது. ஷெட்டே அதிர்ந்தது. கூரைத் தகரத்தில் தூங்கிய புறாக்கள் இடம் மாறின.

“இதுவா முனகுது? சொல்லுங்க, இதுவா?”

  அவன் விரலை விட்டான், இழுத்தான், விட்டான். காதைச் சாய்த்துக் கேட்டான். கேட்பதில் மூழ்கிப்போனான். தலையைத் தூக்காமலே, எப்போதும் சொல்கிற குரலில் சொன்னான்:

“அண்ணா, கொடு.”

இருவரும் அசையவில்லை. இன்ஜின் மட்டும் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.  வண்டி இங்கே வந்த பிறகு ஓட்டுகிற இருக்கையில் யாரும் உட்காரவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளும் ஜன்னல் வழியாகத்தான் கை விட்டுக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்து ஏறினாள். பக்கத்து இருக்கையைப் பார்க்கவில்லை.

“நான் கொடுக்கறேன். சொல்லு.”

அவன் மறுபடியும் குனிந்து, “கொடுங்க” என்றான்.

மிதித்தாள். இன்ஜின் முனகியது.

“முழுசா கொடுங்க.”

“முழுசாத்தான் கொடுத்திருக்கேன்.”

“இல்ல அண்ணி, மிதிங்க. பயப்படாதீங்க.”

“மிதிச்சிருக்கேன்!”

“மிதிக்கல. கார்புரேட்டர்ல காத்து போற தகடு கால்வாசிகூடத் திறக்கல. கண்ணு முன்னால தெரியுது.”

“மிதிச்சிருக்கேன்டா!” என்று கத்தினாள். அதுவரை அவனை ‘டா’ போட்டதில்லை. “எல்லாரும் இதையே சொல்லுங்க! அந்த மனுஷனும் இதையேதான் சொன்னாரு. முழுசா மிதிக்கிறேன், மிதிக்கிறது சரியில்லங்கறாரு. வந்து பாரு என் காலை! வந்து பாரு!”

அவன் வந்தான். மடங்காத காலை நீட்டியபடி ஈரத் தரையில் உட்கார்ந்து, கதவுக்குள் தலையை விட்டான். பெடல் அடியில் முட்டித்தான் நின்றது. காலை எடுக்கச் சொல்லி மிதியடியின் நுனியைத் தூக்கினான். கையை உள்ளே விட்டான். விட்ட கை அப்படியே நின்றது.

வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் ஒரு கட்டை இருந்தது. செருப்பு அடியை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, பசை போட்டு, நழுவாமலிருக்கக் கம்பி சுற்றியிருந்தது. பெடலின் அகலத்துக்கு ஓரமெல்லாம் அளந்து சீவப்பட்டிருந்தது. அவரிடம் எந்த வேலையும் அப்படித்தான், பார்த்துப் பார்த்துச் செய்வார்.

செருப்பு அவளுக்கு அடையாளம் தெரிந்தது. மாட்டுக்காரன் செருப்பு மாதிரி இருக்கிறது, தூக்கிப் போடுங்கள் என்று அவள் சொல்லிச் சொல்லி அலுத்த பழுப்புச் செருப்பு. போட்டுவிட்டேன் என்றிருந்தார்.

“நீங்க பழகறதுக்காக வெச்சிருக்காரு,” என்றான் அவன்.  “ரொம்ப மிதிச்சிடக் கூடாதுன்னு. தான் ஓட்டறப்ப எடுத்துட்டு, உங்களுக்குன்னா வெச்சு... இங்க வர்றப்ப இது இருந்ததே இல்ல அண்ணி. இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்.”

தட்டிய மிதியடி. மேடு அப்புறம். காலையில் எடுத்துக்கறேன். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்குள் வந்து விழுந்தன. கடைசியாக, முழங்காலுக்குக் கீழே நீண்ட கை வந்தது. அதைத் தள்ளிய தன் கையும் வந்தது.

அவள் அழுவாள் என்று அவன் எதிர்பார்த்திருப்பான். அவள் கட்டையைப் பிடுங்கி ஸ்டீயரிங்கில் அடித்தாள்.

“சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? ஒரு வார்த்தை! இந்த மாதிரி வெச்சிருக்கேன், உன் காலை நம்ப முடியலன்னு சொன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்? கத்தியிருப்பேன். ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். டீயில சர்க்கரை போடாம கொடுத்திருப்பேன். அதுக்காடா? அதுக்குப் பயந்தா ஒரு ஆம்பளை இத மறைச்சு வெப்பான்?” மறுபடியும் அடித்தாள். “எனக்கு ஓட்டத் தெரியலன்னு நினைக்க வெச்சாரே! எத்தனை நாள்! பழசு அப்படித்தானாம்! பக்குவமாம்!”

ஹாரனில் கை பட்டு அது ஒருமுறை அலறி ஓய்ந்தது.

கொழுந்தன் சுவரைப் பிடித்து எழுந்து போனை எடுத்தான். அக்காவைக் கூப்பிட்டான். மழைக்கு மேலே கத்தினான்.

“அக்கா! அண்ணி மேல தப்பு இல்ல. கேக்குதா? அண்ணி மேல தப்பு இல்ல. வண்டியிலதான்... என் தப்பு. நான் சரியா பார்க்கல. ஆமா, நான்தான்.”

அவள் வண்டியிலிருந்து இறங்கி வந்து போனைப் பிடுங்கினாள்.

“பொய் சொல்றான். இவன் மேலயும் தப்பு இல்ல. உங்க தம்பி தன்னோட செருப்ப வெட்டி ஆக்ஸிலரேட்டருக்குக் கீழ வெச்சாரு. எனக்குத் தெரியாம. எனக்குப் பயந்துகிட்டு. அதான் வண்டி ஏறல. நல்ல மனுஷன்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அவர்தான் வெச்சாரு. இனிமே டீயோட சேர்த்து இதை ஊத்திக் கொடுங்க.”

 பிறகு, “மழை விட்டதும் வீட்டுக்கு வா. சோறு வெச்சிருக்கேன்” என்றாள் நாத்தனார். அதே அதிகாரக் குரல்தான். ஆனால் உடைந்திருந்தது.

“ஏன் அண்ணி?” என்றான் கொழுந்தன். “என் மேலயே இருந்துட்டுப் போயிருக்கட்டுமே. அண்ணன் பேரு...”

“ஒரு பொய்யே போதும் இந்தக் குடும்பத்துக்கு. ஏறு வண்டியில.”

“எங்க?”

“மேட்டுக்கு.”

அவன் பக்கத்து இருக்கையின் முன்னால் கொஞ்சம் தயங்கி நின்றான். பிறகு காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து உட்கார்ந்தான். தன் கையால் பார்த்த வண்டியில், முன் இருக்கையில் உட்கார்ந்து அவன் போவது அதுதான் முதல் தடவை.

தூறல் நின்றிருக்கவில்லை. இரண்டாவது கியரிலேயே வண்டி மேட்டில் ஏறியது. வளைவைத் தாண்டியது, வண்டி நின்ற இடத்தைத் தாண்டியது, முனகலே இல்லை. சர்வசாதாரணமாக ஏறியது. அந்தச் சுலபம்தான் அவளுக்குத் தாங்கவில்லை. மேட்டின் உச்சியில் நிறுத்திவிட்டு, அவரைப் பேர் சொல்லித் திட்டினாள். இருபது வருஷத்தில் வாயில் வராத பேர். திட்டித் திட்டிக் குரல் கட்டியது. கொழுந்தன் தடுக்கவில்லை. வைப்பரை மட்டும் போட்டுவிட்டான்.

பிறகு அவள் லைசென்ஸ் எடுத்தாள். பட்டறைக்கும் கடைக்கும் அதே வண்டியில்தான் போகிறாள். ஷெட்டில் சாயங்காலம் இருக்கையில் உட்கார்ந்து “கொடு”, “விடு” கேட்கிற வேலையும் இப்போது அவளுடையது. கட்டை அன்றைக்கு ஷெட்டில் எங்கோ எறியப்பட்டது, பிறகு யார் கண்ணிலும் படவில்லை.

மேட்டு ரோட்டில் மட்டும், பின் இருக்கையிலிருந்து மகள் ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கிறது: “அம்மா, இன்னும் இருக்கு. மிதி.” பெடலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. கால் அந்த இடம்வரை போகிறது, நின்றுவிடுகிறது.